இஞ்ச இல்லாத என்ன அங்க கிடக்கு?

போன விடுமுறைக்கு மட்டக்களப்புக்குப் போவமெண்டு எங்கட பட்ச்சில யாழ்ப்பாணத்துப் பெட்டையள் பதினொரு பேர் பேர் குடுத்தம். போனது நாலு பேர். மிச்ச ஏழு பேருக்கும் வீட்டில கிடைச்ச பதில் கிட்டத்தட்ட ஒண்டுதான்: "இஞ்ச இல்லாத என்ன பிள்ளை அங்க கிடக்கு?" அந்த வீடுகளில சிலதில இருக்கிற அண்ணாமார் எல்லவுக்கு ரண்டு தரம் போய், ஒன்பது வளைவுப் பாலத்தில நிண்டு படம் போட்டவை. அவையிட்ட ஆரும் இந்தக் கேள்வியைக் கேட்கேல்லை. பட்டம் எடுக்கிறதெண்டா பேராதனை தூரமில்லை. மூண்டு நாள் ஊர் பாக்கிறதெண்டாத்தான் எல்லாமே தூரம்.

கேள்விக்குப் பதில் சொல்லுறன். இஞ்ச இல்லாத எத்தனையோ அங்க இருக்கு. ஆனா அதைவிட, இஞ்ச என்ன இருக்கெண்டதே அங்க போனாத்தான் தெரியுது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குவதுதான் எங்கள் கிணற்று நீர். கண்டபாட்டுக்கு இறைத்தால் உவர் ஏறும். இதை நான் ஓ.எல். சோதனைக்குப் பாடமாக்கி எழுதினனான். விளங்கினது பேராதனைக்கு வந்து முதல் கிழமை, அக்பர் பாலத்தில நிண்டு மகாவலியைப் பார்த்தபோதுதான். அவ்வளவு தண்ணி, ஒருத்தரும் திரும்பிப் பார்க்காமல், சும்மா போகுது. வீட்டில ஒரு வாளி தண்ணியைக் கவிட்டு ஊத்தினதுக்கு அம்மம்மா ஏன் அந்தப் பேச்சுப் பேசினவ எண்டு அப்பத்தான் பிடிபட்டது. அதுவரைக்கும் அவவை ஒரு கஞ்சப் பிசினாறி எண்டுதான் நினைச்சிருந்தன்.

அடுத்தது பிட்டு. மட்டக்களப்பிலிருந்து வந்த என்ர அறைத்தோழி பிட்டுக்கு எருமைத் தயிரும் வாழைப்பழமும் போட்டுக் குழைக்க, நான் முகத்தைச் சுளிச்சனான். (இப்ப நானும் அப்பிடித்தான் சாப்பிடுறன், வீட்டில சொல்லிப்போடாதேங்கோ.) வீட்டிலயிருந்து கொண்டுவந்த ஒடியல் மாவைக் காட்டினபோது அவள் கேட்டாள், "இது எப்படிச் செய்யிற?" எனக்குத் தெரியாது! இருபது வருஷம் திண்டிருக்கிறன், தெரியாது. அண்டிரவு அம்மம்மாவுக்கு எடுத்துக் கேட்டன். பனங்கொட்டையைப் பாத்தியில போடுறது, கிழங்கு கிண்டுறது, பச்சையாய்க் கிழிச்சுக் காயவிட்டா ஒடியல், அவிச்சுக் காயவிட்டாப் புழுக்கொடியல். முக்கால் மணித்தியாலம் கதைச்சவ. பக்கத்து அறையில படுத்துக்கொண்டு நான் ஒருநாளும் கேட்காத கேள்வியை, வேற ஊர்க்காரி ஒருத்தி கேட்க வேண்டியிருந்தது.

போனவை எல்லாரும் இப்படிப் படிச்சுக்கொண்டுதான் வருவினம் எண்டும் நான் சொல்ல வரேல்லை. தேயிலைத் தோட்டத்துக்குள்ளால ரெயினில போய், லயத்தை ஒருதரமும் எட்டிப் பார்க்காமல், "எங்கட ஊர் மாதிரி வராது மச்சான்" எண்டு எழுதிப்போட்டு வாற அண்ணாமாரை எனக்குத் தெரியும். அது ஊரை விளங்கினதில்லை, ஊர்ப் பெருமையைக் காவிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்தது.

அம்மாமாரின் பயத்தையும் நான் பகிடி பண்ணேல்லை. பாஸ் எடுத்துப் பயணம் செய்த, 2006இல் ஏ9 வீதி பூட்டுப்பட்டதைப் பார்த்த சனம் அது. பஸ்ஸுக்குள்ள நடக்கிற சேட்டையும் பொய்யில்லை. ஆனா அந்தப் பயத்தைப் பயமெண்டே சொல்லுங்கோ. அதுக்கு ஊர்ப்பற்று எண்டு பேர் வைக்காதேங்கோ. பூட்டின வீட்டுக்குள்ள இருக்கிறவளிட்ட "வீட்டின்ர அருமை தெரியுதோ" எண்டு கேட்டா அவள் என்ன சொல்லுறது?

எல்லாத்திலும் எனக்குக் கோபம் வாறது வெளிநாட்டுப் பெரியப்பாமாரில. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, கிணத்தடியில நிண்டு அள்ளிக் குளிச்சுப்போட்டுக் கண் கலங்குவினம். "இந்தத் தண்ணிக்கு எதுவும் ஈடில்லை பிள்ளை." உண்மைதான். முப்பது வருஷம் டொரொன்டோக் குளிருக்க நிண்டவருக்கு அது தெரியும். அதே பெரியப்பாதான் எங்கட பயணக் கதை கேள்விப்பட்டு அப்பாவுக்குப் போன் எடுத்தவர்: "குமர்ப்பிள்ளையை ஏன் ஊர் சுத்த விடுறாய்?"

வாற விடுமுறைக்குத் திரும்பவும் தாள் ஓடுது. இப்ப ஆறு பேர் எழுதியிருக்கினம். இந்தமுறை அறைத்தோழியின்ர அம்மா எங்கட அம்மாமாருக்குத் தானே எடுத்துக் கதைக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறா. என்ர பங்கு, ரண்டு கிலோ ஒடியல் மா.