ஆடு கொடுத்தார்கள், புல்லுக்கு இடம்?

சித்திரை, வைகாசி மாதங்களில் பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் மணல் சேர்ந்து குறுகிவிடும். தண்ணீர் வற்றும், உப்பு ஏறும், இறாலும் மீனும் குறையும். கோட்டைக்குப்பத்தைச் சுற்றியுள்ள கரையோரக் காலனிகளில் ஆட்டுக்கான மேய்ச்சலும் அதே நேரத்தில்தான் கருகிப்போகிறது. ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடம். நோட்டுப் புத்தகம், பை, பேருந்துச் செலவு. பிள்ளை கல்லூரிக்குப் போனால் கட்டணம். ஆட்டை அவிழ்த்து வியாபாரியிடம் கொடுப்பது அந்த நேரத்தில்தான். ஆடு எலும்பும் தோலுமாக நிற்பதும் அந்த நேரத்தில்தான். இளைத்த ஆட்டுக்கு என்ன விலை சொல்வார்கள் என்பது வளர்த்தவருக்குத் தெரியும்.

தலித் மக்களின் நிலப் பிரச்சினையை நாம் ஏக்கர் கணக்கில் பேசியே பழகிவிட்டோம். இந்த முறை சென்ட் கணக்கில் பேசுவோம்.

முதலில் இந்தப் பகுதியின் நிலைமை. ஏரியில் மீன் பிடிக்கும் இடங்களைப் பங்கிட்டுக்கொள்ள இங்கே ‘பாடு’ என்ற முறை தலைமுறைகளாக இருந்து வருகிறது. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டு, முறை வைத்துத் தொழில் செய்கின்றன. ஒருவரை ஒருவர் அடித்துப் பிடுங்காமல் மீனைப் பகிர்ந்துகொள்ளும் நல்ல ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் அதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். அந்த ஊர்களின் மீனவர்களும் வசதிக்காரர்கள் அல்லர். ஆனால் தலித், இருளர் குடும்பங்களுக்கு அந்தப் பாட்டில் பங்கு கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவுவது, நண்டு பிடிப்பது, கூலிக்குப் போவது, அதோடு நாலு ஆடு. தண்ணீரிலும் பங்கில்லை, தரையிலும் பங்கில்லை.

தரையில் ஏன் பங்கில்லை என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. பொன்னேரி வட்டம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். சேரி மக்கள் குடியிருக்கும் குடிசை மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் வெளியேற்றிவிடலாம் என்பதை அவர் விரிவாக எடுத்துக்காட்டினார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. சென்னை மாகாணம் முழுவதும் அப்படி ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் இதே மக்களுக்குத்தான் விற்க வேண்டும். மற்றவருக்கு விற்றால் செல்லாது என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைத் திருப்பிக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

நிலம் திரும்பி வரவில்லை. ஆடு வந்தது. விலையில்லா கறவைப் பசு, வெள்ளாடு வழங்கும் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. ஏழைப் பெண்களுக்குக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள். பயனாளிகளில் 30 சதவீதம் பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும். இந்தத் திட்டத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். பெண்ணின் பெயரில் ஒரு சொத்து வந்தது பெரிய விஷயம். ஆனால் கொடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று கேட்கப்படவில்லை. நிலமில்லாதவருக்குக் கொடுத்த ஆடு எங்கே மேயும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு சுமார் 3 கிலோ பசுந்தீவனம் வேண்டும். நான்கு ஆட்டுக்கு 12 கிலோ. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நல்ல மண்ணில், நல்ல தண்ணீரில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன் தரும் என்கிறார்கள். அப்படியென்றால் ஒரு சென்டில் தினம் 4 கிலோ. நம் மணலிலும் உப்புத் தண்ணீரிலும் அதில் பாதி என்று வைத்துக்கொண்டால் 2 கிலோ. ஆக நான்கு ஆட்டுக்கு 6 சென்ட் தேவை. காலனியில் அரசு தரும் வீட்டுமனை பெரும்பாலும் 3 சென்ட். அதில்தான் வீடு, கழிப்பறை, துணி துவைக்கும் கல் எல்லாம். இதை வைத்துக்கொண்டு ‘அறிவியல் முறையில் ஆடு வளர்ப்பு’ என்று பயிற்சி நடத்தினால் கேட்பவர் சிரிக்காமல் என்ன செய்வார்?

ஆகவே ஆடுகள் காலனியைத் தாண்டிப் போகின்றன. தோப்பு, வயல் வரப்பு, சவுக்குத் தோட்டம். ‘உங்க ஆடு எங்க தோப்புல’ என்று தொடங்கும் பேச்சு சாதிப் பேச்சாக மாற அதிக நேரம் ஆவதில்லை. தீவனம் இல்லாதது வெறும் கால்நடைப் பிரச்சினை இல்லை என்று நாம் சொல்வது இதனால்தான்.

இருக்கும் 3 சென்டில் ஒன்றுமே முடியாதா என்றால், கொஞ்சம் முடியும். வேலியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முள்கம்பிக்குப் பதிலாக அகத்தி, வேலிமசால், சுபாபுல், முருங்கை என்று நெருக்கி நட்டால் அது வேலியும் ஆகும், ஆட்டுக்குப் புரதத் தீவனமும் ஆகும். இரண்டு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு இந்தத் தழை என்ற அளவில் கொடுத்தால் குட்டி சீக்கிரம் எடை ஏறும். சுபாபுல்லை மட்டும் அளவோடு கொடுக்க வேண்டும். அதிகமானால் முடி கொட்டும். கோ-4 கரணையை உப்புத் தண்ணீர் தேங்கும் இடத்தில் வைத்தால் சுணங்கிவிடும். அங்கே எருமைப்புல் என்று சொல்கிறோமே, அது ஈரத்தையும் ஓரளவு உப்பையும் தாங்கும். குளிக்கும் தண்ணீர், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் அதை விட்டால் போதும். அசோலா வளர்க்கச் சொல்லிப் பலரும் வருகிறார்கள். நல்ல தண்ணீர் இல்லாத தெருவில் அது நிற்காது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

வேலிகாத்தானை எல்லோரும் திட்டுகிறோம், திட்ட வேண்டியதுதான். ஆனாலும் கோடையில் உதிரும் அதன் மஞ்சள் காயை வீணாக்க வேண்டாம். காயவைத்து, விதையோடு அரைத்து, மற்ற தீவனத்தோடு கால் பங்குக்கு மிகாமல் கலந்து கொடுக்கலாம். அரைக்காமல் கொடுத்தால் ஆடு போடும் புழுக்கையில் விதை முளைத்து, அடுத்த ஆண்டு வாசலிலேயே வேலிகாத்தான் நிற்கும்.

காய்கறிக்கு ஐப்பசி தொடங்கித் தை வரைதான் நமக்குக் காலம். மழை மண்ணின் உப்பைக் கழுவிக் கீழே இறக்கும் அந்த நான்கு மாதத்தில் மேட்டுப்பாத்தி போட்டு, தண்டுக்கீரை, சிறுகீரை, கத்திரி, வெண்டை நடலாம். சுரையும் பாகலும் கூரைமேல் ஏறிக்கொள்ளும். கோடைக்குச் சாக்குப்பையில் எருவும் மணலும் நிரப்பி இரண்டு கத்திரிச் செடியாவது காப்பாற்றலாம். உரத்துக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. ஆட்டுப் புழுக்கை இருக்கிறது. மீன் கழிவு இருக்கிறது. உப்புப் போடாத மீன் கழிவையும் அதே எடை வெல்லத்தையும் மூடிய வாளியில் மூன்று வாரத்துக்கு மேல் ஊறவைத்து, வடித்த சாற்றை லிட்டருக்கு 5 மில்லி கலந்து தெளித்தால் கீரை கருகருவென்று வரும். விவரம் வேண்டுவோர் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேட்கலாம். தீவனப் புல்லுக்குக் காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இவ்வளவும் செய்தாலும் வீட்டுக்குக் கீரையும் ஆட்டுக்கு அரை வயிறும்தான். மீதி அரை வயிற்றுக்கு நிலம் வேண்டும்.

பசு வைத்திருப்பவருக்கு இன்னொரு சுவரும் இருக்கிறது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்திய தீண்டாமை ஆய்வு 2006-இல் நூலாக வந்தது. கிட்டத்தட்ட பாதிக் கிராமங்களில் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலித்துகள் பால் ஊற்ற முடியவில்லை என்பது அதில் பதிவாகியிருக்கிறது. ‘கீழ்’ கையால் கறந்த பால் என்ற நினைப்பு, பாலில் தண்ணீர் கலப்பதைவிடப் பெரிய கலப்படம். நம் ஆட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. கறிக்கடைக்குப் போகும் ஆட்டிடம் யாரும் சாதி கேட்பதில்லை. நிலமற்ற தலித் வீடுகளில் பசுவைவிட ஆடே நிலைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம்.

நிலத்துக்கு என்ன வழி? தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் தக்காண வளர்ச்சிச் சங்கம் 1983 முதல் இயங்கி வருகிறது. அங்கே தலித் பெண்கள் ஊருக்கு ஊர் சங்கமாகச் சேர்ந்து, தனித்தனியாக யாரும் தர முன்வராத நிலத்தைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்தார்கள். தரிசைத் திருத்திக் கம்பும் சோளமும் பயறும் கலந்து விதைத்தார்கள். தானியம் வீட்டுக்கு, தட்டை மாட்டுக்கு. 2008-இல் சொந்தமாக வானொலி நிலையமே தொடங்கினார்கள். 2019-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது அவர்களைத் தேடி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கூலிப்பெண்கள் தொடங்கிய வேலை அது.

நம் கணக்குக்குத் திரும்புவோம். குடும்பத்துக்கு 6 சென்ட் என்றால் 30 குடும்பமுள்ள காலனிக்கு 1 ஏக்கர் 80 சென்ட். இரண்டே ஏக்கர். ஊராட்சி எல்லைக்குள் புறம்போக்கில் வேலிகாத்தான் மண்டிக் கிடக்கும் இடத்தில் இரண்டு ஏக்கரை மகளிர் குழுவின் பெயரில் தீவனத் தோட்டத்துக்கு நீண்டகாலக் குத்தகையாகத் தருவது மாவட்ட நிர்வாகத்துக்கு மலையைப் புரட்டும் வேலையா? ஆழ்குழாயில் உப்புத் தண்ணீர் வந்தால் மழைநீர்க் குட்டை ஒன்று வெட்டித் தரட்டும். ஆடு வாங்கச் செலவழித்த அரசு, அதைக் காப்பாற்ற இதைச் செய்யலாம்.

சொந்தமாக வாங்க நினைப்பவர்களுக்கு தாட்கோவின் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் இருக்கிறது. நிலமற்ற பட்டியலினப் பெண்கள் வாங்கும் விவசாய நிலத்தின் மதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய், மானியம். ஆனால் சென்னையின் விரிவும் துறைமுகங்களும் ஏற்றிவிட்ட விலையில் பொன்னேரி வட்டத்தில் அந்தப் பணத்துக்கு எவ்வளவு நிலம் கிடைக்கும் என்பதை தாட்கோ அதிகாரிகள் இங்கே வந்து விசாரித்துப் பார்க்க வேண்டும். மாநிலம் முழுவதற்கும் ஒரே உச்சவரம்பு என்பது நம் பகுதிக்குப் பொருந்தாது.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் வருவாய்க் கிராமத்தின் அ-பதிவேட்டை அரசின் இணையச் சேவையிலேயே சர்வே எண் போட்டுப் பார்க்கலாம். கிடைக்காத பழைய பதிவுகளுக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஊரில் டி.சி. நிலம், நிபந்தனைப் பட்டா நிலம் எந்தெந்த சர்வே எண்ணில் இருந்தது, மேய்க்கால் புறம்போக்கு எவ்வளவு, இன்று அது யார் அனுபவத்தில் இருக்கிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதில் கைக்கு வந்ததும் அம்மாவையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். இரண்டு ஏக்கர் தீவனத் தோட்டம் வேண்டும் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்து, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.