நாய்க்கு இருமல் தடுப்பு மருந்து தேவையா?

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் சென்னைக் குடும்பங்கள் பல, வீட்டு நாயைக் காப்பகத்தில் விட்டுச் செல்கின்றன. ‘கென்னல் காஃப் தடுப்பு மருந்து போட்டாச்சா?’ என்று அங்கே கேட்கும்போதுதான் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிகிறது. இது அவசியமா, வீண் செலவா?

தொண்டையில் ஏதோ சிக்கியது போல நாய் விடாமல் வறட்டு இருமல் இருமும். போர்டெடெல்லா என்ற பாக்டீரியாவும் பாரா இன்புளுயன்சா போன்ற வைரஸ்களும் காரணம். பல நாய்கள் சேர்ந்திருக்கும் இடத்தில் வேகமாகப் பரவும். பெரும்பாலான நாய்கள் சில வாரங்களில் தேறிவிடும். ஆனால் குட்டிகளுக்கும் வயதான நாய்களுக்கும் நிமோனியாவாக முற்றலாம்.

உலக சிறு பிராணிகள் கால்நடை மருத்துவர் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலில், எல்லா நாய்க்கும் கட்டாயம் என்ற பட்டியலில் இது இல்லை. பார்வோ, டிஸ்டெம்பர், இந்தியா போன்ற நாடுகளில் ரேபிஸ், இவைதான் முதலில். ரேபிஸ் ஊசியைத் தள்ளிப்போட்டு இதற்குச் செலவு செய்வது தப்புக் கணக்கு. ரேபிஸ் வந்த நாய் பிழைக்காது; அது கடித்தால் வீட்டு மனிதர்களின் உயிருக்கும் ஆபத்து.

ஆகவே, வீட்டிலேயே இருக்கும் நாய்க்கு அவசரமில்லை. காப்பகம், கண்காட்சி, பயிற்சி வகுப்பு என்று போகும் நாய்க்குப் போடுவதே நல்லது. போட்டாலும் இருமல் வரலாம், ஆனால் கடுமை குறையும். மூக்கில் விடும் மருந்து போர்டெடெல்லாவுக்கு எதிராக வேலை செய்ய 3 நாட்களும், பாரா இன்புளுயன்சாவுக்கு 3 வாரங்களும் ஆகும். கிளம்புகிற அன்று காலையில் போட்டால் காப்பகத்தின் நோட்டில் டிக் விழும், அவ்வளவுதான். ஊருக்கு டிக்கெட் எடுக்கும்போதே டாக்டரையும் பார்த்துவிடுங்கள்!