சிங்களப் பாடத்தைச் சிரிப்போடு தொடங்குவோம்



இம்முறை பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதுகிறேன். இறக்காமத்தில் பின்னேர வகுப்பொன்றில் 6ஆம், 7ஆம், 8ஆம் தரப் பிள்ளைகளுக்குச் சிங்களம் சொல்லிக் கொடுக்கிறேன். பாடசாலையிலும் அது அவர்களுக்கு இரண்டாம் மொழிப் பாடம்தான். ஆனால் கொப்பியைத் திறந்து எழுத்தில் தொடங்கினால் பாதிப் பிள்ளைகளின் முகம் சுருங்கி விடுகிறது. இவர்கள் எல்லோரும் 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். இருந்தும் சிங்களம் என்றால் சோதனைச் சாவடி, பொலிஸ், விளங்காத கடிதம் என்று நாம் வீட்டில் பேசுவதைக் கேட்டே வளர்ந்திருக்கிறார்கள். ஆகவே முதல் ஐந்து நிமிடத்தில் பயம் இறங்க வேண்டும். எழுத்து பிறகு வரட்டும்.

நான் அதிகம் கையாள்வது ஒரு பையைத்தான். பழைய அரிசிப் பைக்குள் துவாய், ஒற்றைச் சப்பாத்து, கடதாசியில் சுற்றிய பாண் துண்டு ஆகியவற்றைப் போட்டு வைப்பேன். ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுத் தடவி, அது என்னவென்று தமிழில் சொல்ல வேண்டும். சொன்னதும், "நீங்க இப்ப பேசினது சிங்களம்" என்பேன். சிங்களத்தில் அவை துவாய, சபத்து, பான். 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் இரண்டு மொழிக்கும் விட்டுப்போன சொற்கள் இவை. மேசையும் அலுமாரியும் ஜன்னலும் அப்படியே. போர்த்துக்கேய மொழிக்கு உறவுமொழியான ஸ்பானிய மொழியிலும் பாண் 'பான்', சப்பாத்து 'சபாத்தோ', மேசை 'மேசா'. ஸ்பெயினில் ஒரு பிள்ளை இந்தப் பைக்குள் கை விட்டாலும் கிட்டத்தட்ட இதே பெயர்களைத்தான் சொல்லும் என்றதும் வகுப்பு கலகலத்து விடும். நமது தமிழிலிருந்து போனவையும் உண்டு. கடை அங்கே 'கடே', கூலி 'குலிய'.

இன்னொரு நாள் உறவுமுறையில் தொடங்குவேன். நாங்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்கிறோம். சிங்களத்தில் தாத்தா என்றால் வாப்பா! தம்பி அங்கே 'மல்லி'. "அப்ப உங்க தம்பியை அரைச்சுக் கறியில போடலாமா?" என்று கேட்டால் சிரித்து முடிய இரண்டு நிமிடம் ஆகும். சிரித்த சொல்லை எந்தப் பிள்ளையும் மறந்ததை நான் காணவில்லை.

உடம்பை அசைத்துப் படிக்கும் முறையும் நல்லது. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் இதை வகுத்தார். ஆசிரியர் சொல்லிச் செய்து காட்டுவார். பிள்ளைகள் வாய் திறக்காமல் அதையே செய்வார்கள். பிழையாகப் பேசிவிடுவோமோ என்ற வெட்கம் இதில் இல்லை. வழக்கமாக "எழும்பு, இரு, இங்கே வா" என்றுதான் தொடங்குவார்கள். நான் அப்படித் தொடங்குவதில்லை. அந்தக் கட்டளைகளை எந்த இடத்தில் எந்தக் குரலில் கேட்டோம் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். வாசலில் காத்திருக்கும் உம்மாமாருக்கும் அது கேட்கும். 'அத்புடி கஹன்ன' (கை தட்டுங்கள்), 'பனின்ன' (துள்ளுங்கள்), 'ஹினா வென்ன' (சிரியுங்கள்) போதும்.

எங்கள் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும் ஒரு உம்மா, போரில் கணவரை இழந்தவர். ஒரு அலுவலகத்தில் சிங்களப் படிவம் ஒன்றில், என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமலே கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அடுத்த வருடம் வந்த 16ஆவது திருத்தத்தின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் நாம் தமிழில் அலுவல் பார்க்கலாம். நடப்பில் அது எப்படி இருக்கிறதென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்போது சில நாட்களில் வகுப்பையே அலுவலகமாக்கித் தொடங்குகிறேன். ஒரு பிள்ளை கிளார்க், மற்றது உம்மா. உம்மாவுக்கு இரண்டே வசனம். 'மட்ட தேரென்னே நெஹெ, ஹெமின் கியன்ன' (எனக்கு விளங்கவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்). 'கருணாகர தெமல போரமயக் தென்ன' (தயவுசெய்து தமிழ்ப் படிவம் ஒன்று தாருங்கள்). கிளார்க்காக இருக்கத்தான் பிள்ளைகளுக்குள் சண்டை. மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்தி, "ஹெட்ட என்ன" (நாளைக்கு வாங்க) என்று சொல்வதில் அவ்வளவு சந்தோசம்!

வீட்டிலும் இன்றிரவு இதை விளையாடிப் பாருங்கள். நீங்கள் உம்மாவாகவே இருங்கள், பிள்ளை கிளார்க்காக இருக்கட்டும். அந்த இரண்டு வசனத்தையும் பிள்ளையிடம் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கி, அடையாள அட்டை உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.