புது ஃபர்னஸ் எரிய ஆரம்பிச்சிடுச்சா? கையெழுத்து போடும் முன் இந்த நாலு நம்பரைக் கேளுங்க!

கனடாவின் பிராம்ப்டனில் இருக்கும் என் பெரியப்பா மகன் போன நவம்பரில் வீடியோ காலில் வந்தபோது, வீட்டுக்குள்ளேயே குல்லா, ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"புது ஃபர்னஸ் போட்டு நாலு நாள்தான்டா ஆகுது. பத்து நிமிஷம் சூடா காத்து வரும். திடீர்னு சில்லுனு ஆகிடும். அப்புறம் மறுபடியும் சூடு."

"போட்டவங்க என்ன சொல்றாங்க அண்ணா?"

"ஆன் பண்ணாங்க, எரிஞ்சது, கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. போன் பண்ணா, 'எரியுதுல்ல, அப்புறம் என்ன'ங்கிறாங்க."

அந்தக் கேள்விதான் பிரச்னையே. ஃபர்னஸ் பற்றிக்கொண்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதிக்கு ஒரு பிரஷர் மீட்டர், ஒரு தெர்மாமீட்டர், ஒரு மணி நேரப் பொறுமை வேண்டும். அதை முடிக்காமல் யாரும் கையெழுத்து கேட்கக் கூடாது, நாமும் போடக் கூடாது என்பது என் கருத்து.

ஃபர்னஸ் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இது வீட்டின் அடித்தளத்தில், அதாவது பேஸ்மென்ட்டில், பீரோ மாதிரி நிற்கும் ஒரு பெட்டி. உள்ளே கேஸ் எரியும்; அந்தச் சூடு உலோகக் குழாய்களின் வழியாகக் காற்றுக்கு மாறும்; பெரிய ஃபேன் ஒன்று அந்தக் காற்றை எல்லா ரூமுக்கும் தள்ளும். எரிந்த புகை தனிக் குழாயில் வெளியே போய்விட வேண்டும். இந்த இரண்டும் கலக்கவே கூடாது.

சரி, தெர்மோஸ்டாட்டில் 21 டிகிரி வைத்தால் என்ன நடக்கிறது? உடனே கேஸ் திறக்காது. முதலில் ஒரு குட்டி ஃபேன் சுற்றிப் புகைக்குழாயில் இழுப்பை உண்டாக்கும். இழுப்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு பிரஷர் ஸ்விட்ச் பார்க்கும். இருந்தால்தான் இக்னைட்டர் பழுக்கும், அதற்குப் பிறகே கேஸ் வால்வு திறக்கும். தீ பிடித்ததைச் சில நொடிகளில் சென்சார் உறுதி செய்யாவிட்டால் கேஸ் தானாக நின்றுவிடும். பெரிய ஃபேன் ஓடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். நம்ம ஊர் கவர்ன்மென்ட் ஆபீஸ் ஃபைல் மாதிரி, ஒவ்வொரு மேஜையிலும் கையெழுத்து ஆனால்தான் அடுத்த மேஜை!

ஆனால் இந்தப் பாதுகாப்புகள் 'எரிகிறதா' என்பதைத்தான் பார்க்கும். 'சரியாக எரிகிறதா' என்று பார்ப்பது ஆள் செய்ய வேண்டிய வேலை.

முதல் நம்பர், கேஸ் பிரஷர். பர்னருக்குப் போகும் கேஸின் அழுத்தத்தை 'தண்ணீர் அங்குலம்' என்ற அளவில் சொல்வார்கள். இயற்கை எரிவாயு ஃபர்னஸ்களில் முழு வேகத்தில் ஓடும்போது இது பெரும்பாலும் 3.5. அதாவது, தண்ணீரை மூன்றரை அங்குலம் தூக்கும் அளவுக்கான அழுத்தம், அவ்வளவுதான். வால்வில் உள்ள ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினால் இது கூடும், குறையும்.

இரண்டாவது, மெஷின் உண்மையில் எவ்வளவு கேஸ் குடிக்கிறது என்பது. இதற்குக் கருவியே வேண்டாம். அடுப்பு, வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கேஸ் மீட்டர் ஓடுவதை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்க வேண்டும். மணிக்கு 80,000 பி.டி.யு ஃபர்னஸ் என்றால், ஒரு கன அடி கேஸ் எரிய சுமார் 45 நொடி ஆகும். 35 நொடியில் முடிந்தால், அளவுக்கு மேல் எரிகிறது என்று அர்த்தம்.

மூன்றாவதுதான் என் ஃபேவரிட்: வெப்ப உயர்வு. உள்ளே போகும் காற்றுக்கும் சூடாகி வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம். மெஷின் மேல் ஒட்டியிருக்கும் பிளேட்டிலேயே இதன் வரம்பு அச்சடித்திருக்கும். அண்ணன் வீட்டு மெஷினில் 35 முதல் 65 ஃபாரன்ஹீட் வரை. இரண்டு வாரம் சண்டை போட்ட பிறகு வேறொரு டெக்னீஷியனை வரவழைத்து அளந்தால், 72! கேஸ் பிரஷர் 3.5-க்குப் பதில் 3.9. ஃபேன் குறைந்த வேகத்தில் செட் ஆகியிருந்தது. போதாததற்கு, 'ரொம்ப நல்லது' என்று அண்ணன் வாங்கிப் போட்டிருந்த அடர்த்தியான ஃபில்டர் காற்றை அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே சூடு எல்லை தாண்டியதும் பாதுகாப்பு ஸ்விட்ச் பர்னரை அணைத்துவிடும்; ஃபேன் மட்டும் ஓடும். அதுதான் அந்தச் சில்லென்ற காற்று. இப்படியே ஓட விட்டால் உள்ளே இருக்கும் உலோகம் ஒவ்வொரு முறையும் அளவுக்கு மேல் சூடாகி விரிந்து சுருங்கும், ஒரு நாள் விரிசல் விடும். பிரஷரை இறக்கி, ஃபேன் வேகத்தைக் கூட்டி, ஃபில்டரை மாற்றினார்கள். வெப்ப உயர்வு 55-க்கு வந்தது. மொத்தம் 50 நிமிஷ வேலை.

நான்காவது, புகைக்குழாயில் உள்ள கார்பன் மோனாக்சைடு அளவு. நம் வீட்டு அடுப்பில் தீ மஞ்சளாக எரிந்தால் பாத்திரம் கரி பிடிக்கும், அம்மா உடனே 'பர்னரை க்ளீன் பண்ணு' என்பார். மூடிய பெட்டிக்குள் எரியும் தீயை அப்படிக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அனலைசர் குழாயை உள்ளே விட்டுத்தான் அளக்க வேண்டும்.

"ஃபேக்டரியிலேயே செட் பண்ணித்தான் வருது" என்பது இதற்கெல்லாம் வழக்கமான பதில். இருக்கட்டும். உங்க வீட்டு டக்ட் எவ்வளவு குறுகல் என்று ஃபேக்டரிக்கு எப்படித் தெரியும்? கால்கரி கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு என்பதால் எரிக்கும் கேஸின் அளவையே குறைத்து செட் செய்ய வேண்டும். டொரோன்டோவுக்குச் சரியான செட்டிங் அங்கே சரிப்படாது.

இன்ஸ்டால் செய்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. குளிர் தொடங்கும் மாதத்தில் அடுத்தடுத்து வீடுகள் காத்திருக்கும். எத்தனை வீடு முடித்தார் என்பதை வைத்துச் சம்பளம் என்றால், ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்க யாருக்கு மனசு வரும்? ஆனால் தயாரிப்பாளர்கள் மேனுவலிலேயே இந்த ஸ்டார்ட்-அப் சோதனைகளை எழுதித்தான் தருகிறார்கள். புதிதாக எதையும் நாம் கேட்கவில்லை.

அதற்காக யூடியூப் பார்த்து நீங்களே ஸ்க்ரூவைத் திருப்பிவிடாதீர்கள். ஒன்டாரியோவில் டி.எஸ்.எஸ்.ஏ சான்றிதழ் உள்ள கேஸ் டெக்னீஷியன்தான் அதைத் தொடலாம். ஃபில்டர் மாற்றுவது, வெளியே புகைக்குழாய் வாயில் பனி அடைக்காமல் பார்ப்பது, இதெல்லாம் நம்ம டிபார்ட்மென்ட். முதல் நாள் லேசான எண்ணெய் கருகும் வாசனை வரும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியேறி, வெளியே நின்று போன் செய்யுங்கள்.

இங்கிருந்து படிக்கப் போகும் பசங்களுக்கும் ஒன்று. நிறைய பேர் வாடகைக்கு எடுப்பது பேஸ்மென்ட் ரூம்தான். ஃபர்னஸ் உங்க கட்டிலுக்கு அடுத்த சுவரில் நிற்கலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று சாதாரணக் காய்ச்சல் போலத்தான் ஆரம்பிக்கும். 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் நகரில், கேஸ் ஃபயர்பிளேஸின் புகைக்குழாய் அடைத்துக்கொண்டதால் ஒரே வீட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பத்தின் பெயரில் 2013-ல் வந்த ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டம்தான் ஒன்டாரியோ வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கியது. வாடகை வீட்டில் அதை மாட்டித் தருவது ஓனரின் பொறுப்பு. ரூம் பார்க்கப் போகும்போது வைஃபை பாஸ்வேர்டு கேட்கும் முன் அலாரம் எங்கே என்று கேளுங்கள்.

அண்ணன் அந்த நாலு நம்பரையும் பேப்பரில் எழுதி வாங்கி, ஃபர்னஸ் பக்கவாட்டிலேயே டேப் போட்டு ஒட்டிவிட்டார். போன வாரம் பேசும்போது டி-ஷர்ட்டோடு இருந்தார். குல்லா மட்டும் இன்னும் கழற்றவில்லை, முடி கொட்டுதாம்.