பெயரற்ற மெட்டுகள்

அயர்லாந்தின் மரபிசைக் கலைஞர்களிடையே ‘கன் அனிம்’ என்றொரு சொல்லாட்சி உண்டு. ‘பெயரில்லாதது’ என்று பொருள். கைமாறி வரும் வழியில் ஒரு மெட்டின் பெயர் எங்கோ உதிர்ந்துவிட்டால் அதை இப்படிக் குறிப்பார்கள். 2018-இல் வெளிவந்த ஓர் இசைத்தொகுப்பு இச்சொல்லைத் தன் தலைப்பிலேயே சூடிக்கொண்டது. அதிலுள்ளவற்றுள் பெரும்பாலானவை கணினி இயற்றிய மெட்டுகள்.

பாப் ஸ்டர்ம், ஓடட் பென்-தால் முதலியோர் உருவாக்கிய ‘ஃபோக் ஆர்என்என்’ என்னும் நிரல், இசைக்கலைஞர்கள் இணையத்தில் எழுதிச் சேர்த்த 23,000-க்கும் மேற்பட்ட மெட்டுகளைப் பயின்றது. ஒரு குறியீட்டை அடுத்து எது வரக்கூடும் என்று கணிப்பதே அதன் வேலை. மரபு செத்தது என்று இதற்காக ஒப்பாரி வைப்போருடன் எனக்கு உடன்பாடில்லை. அந்த நிரல் ஒரு குழலொலியைக்கூடக் கேட்டதில்லை. அது கண்டதெல்லாம் ‘ஏபிசி’ குறியீட்டின் எழுத்துகளை. விரலை நொடிப்பொழுது தூக்கிச் சுரத்தை வெட்டுவது, சுழற்றுவது, தாளத்தின் மெல்லிய ஊசல் ஆகியவை பெரும்பாலும் தாளில் ஏறுவதில்லை. வாசிப்பவர் அறிவார் என்று விடப்பட்டவை அவை. (நம் நாட்டுப்பாடல் தொகுப்புகள் பலவற்றில் மெட்டே அச்சேறவில்லை என்பதை இங்கு நினைத்துக்கொள்கிறேன்.)

சிகாகோ காவல்துறைத் தலைவராயிருந்த பிரான்சிஸ் ஓ’நீல் 1903-இல் 1,850 மெட்டுகளை அச்சிட்டார். அவருக்கு இசைக்குறியீடு எழுதத் தெரியாது! அவர் நினைவிலிருந்து இசைத்துக்காட்ட, ஜேம்ஸ் ஓ’நீல் எழுதிக்கொண்டார். அங்கே எழுத்து நினைவுக்குத் துணைநின்றது. நிரலுக்கோ எழுத்தைத் தவிர வேறு நினைவில்லை.

2018 தொகுப்பைப் பற்றிய அறிக்கை, ஒவ்வொரு கணினி மெட்டின் மூலவடிவத்தையும் அதில் செய்யப்பட்ட மாற்றங்களையும் தருகிறது. அம்மாற்றங்களையே நான் பெரிதாக மதிக்கிறேன். நிரல் தந்ததை மனிதர் வாசித்து, கைக்கு இசையாததைத் திருத்தியிருக்கிறார்கள். மரபு எக்காலத்தும் செய்துவந்தது இதுதான்.

என் அச்சம் வேறிடத்தில் இருக்கிறது. ‘கன் அனிம்’ என்னும்போது, யாரோ ஒருவர் இருந்தார், நாம் மறந்தோம் என்ற மரியாதை அதில் உண்டு. கணினி மெட்டில் மறக்கப்பட்டவர் எவருமில்லை. அம்மெட்டு குறிப்பின்றிச் சேகரங்களில் கலந்துவிட்டால், இரண்டும் ஒரே பெயரின்மையில் கரையும். எனவே அறிக்கை செய்ததைச் சேகரங்களும் செய்யவேண்டும்: நிரலின் பெயர், ஆண்டு, திருத்தியவர் யார் என ஒரு வரி போதும். முப்பது ஆண்டுகளுக்குப் பின் கிளேரிலோ கெர்ரியிலோ ஒரு மாணவி, பெயரற்ற மெட்டொன்றின் வேரைத் தேடி முதியவர்களின் வீட்டுக் கதவுகளைத் தட்டப் புறப்படும் முன் அந்த ஒரு வரி அவள் கண்ணில் படவேண்டும்.