மின்சார அடி வேண்டாம், வெளிச்சம் போதும்!
இருதயத்தைத் துடிக்க வைக்கும் குளத்துப் பாசி

கோவை வட்டாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மோட்டார் பம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்டார்ட்டர் சரியாக இருந்தால்தான் தண்ணீர் மேலே வரும்.

மனிதனின் இருதயமும் ஒரு பம்புதான். நிமிடத்துக்குச் சுமார் 72 தடவை அது துடிக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல்! அதன் வலது மேல் அறையில் இருக்கும் சிறு தசைப்பகுதிதான் "ஸ்டார்ட்டர்". அங்கே உண்டாகும் மெல்லிய மின்சாரம் இருதயத்தை இயக்குகிறது.

பழுதானால்?

1958-ம் ஆண்டில் சுவீடன் நாட்டு டாக்டர்கள், அர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் "பேஸ்மேக்கர்" கருவியை வைத்தார்கள். உடலுக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கர் அதுதான். அப்போது அவருக்கு வயது 43. அதன்பின் பல கருவிகளை மாற்றி மாற்றி, 86 வயது வரை அவர் வாழ்ந்தார்!

துடிப்பு தாறுமாறாகும்போது மின்சார அதிர்ச்சி கொடுத்துச் சரி செய்யும் கருவியும் உண்டு. அது உயிரைக் காக்கும். ஆனால், நினைவோடு இருப்பவருக்கு மார்பில் உதை விழுந்தது போல வலிக்கும். மறுபடி எப்போது அடிக்குமோ என்ற பயம் சிலரைத் தூங்க விடாது.

பாசி காட்டிய வழி

குளத்துத் தண்ணீர் பச்சையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பாசி, வெளிச்சத்தை அறிந்து நீந்துகிறது. அதற்கு உதவுவது ஒரு புரதம். வெளிச்சம் பட்டதும் அது கதவு போலத் திறக்கிறது. மின்னூட்டம் கொண்ட அணுக்கள் உள்ளே பாய்கின்றன.

இதை இருதயத் தசையில் உண்டாக்கினால்? 2010-ல் ஜெர்மனியின் பான் நகர விஞ்ஞானிகள் சுண்டெலிகளிடம் செய்து பார்த்தார்கள். நீல வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. அதன் தாளத்துக்கே இருதயம் துடித்தது!

2016-ல் அவர்களும், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் இன்னொரு அதிசயம் கண்டார்கள். சுண்டெலி இருதயத்தின் தாறுமாறான துடிப்பை ஒரே விநாடி வெளிச்சம் நிறுத்தியது. மனித இருதயத்தைப் பற்றிக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார்கள். நீல வெளிச்சம் ஆழமாகப் போகாது. சிவப்பு வெளிச்சம் பலன் தரலாம் என்று தெரிந்தது.

எப்போது வரும்?

உடனே வராது. புரதத்துக்கு உரிய மரபணுவை, தீங்கு செய்யாத வைரஸ் மூலம் இருதயத்தில் செலுத்த வேண்டும். உடம்பு அதை ஏற்க வேண்டும். ஓயாமல் அசையும் இருதயத்தில் விளக்கும் பொருத்த வேண்டும்.

நம்பிக்கைக்கு இடம் உண்டு. இதே முறையில் சிகிச்சை பெற்ற பார்வையற்ற ஒருவர், விசேஷக் கண்ணாடி அணிந்து மேஜை மேல் இருந்த பொருள்களைக் கண்டுபிடித்தார். இது 2021-ல் வெளியான செய்தி.

அதுவரை, "வெளிச்சத்தால் இருதய நோய் தீரும்" என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைக் கொடுத்து ஏமாற வேண்டாம். அடிக்கடி படபடப்போ மயக்கமோ வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். மார்வலி என்றால் உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

பம்பு பழுதானால் மெக்கானிக்கைக் கூப்பிட நாம் தயங்குவதில்லை. நெஞ்சுக்குள் ஓடும் பம்புக்கு மட்டும் ஏன் தயக்கம்?