ஓட்டமும் ஊணும்

விடியுமுன் எழுந்து சேலையூர்ச் சாலைகளிலும் கல்லூரி வளாகத்து மரநிழற் பாதைகளிலும் ஓடும் மாணாக்கரைக் கண்டு மகிழாதார் யார்? 1937இல் நம் கல்லூரி நகர நெரிசலை விட்டுத் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்ததால் விளைந்த நன்மைகளுள் இத்தேகாப்பியாச வசதியும் ஒன்று. அதனைக் குறைகூற யாம் புகவில்லை. எனினும், உண்பதற்கு அஞ்சும் ஒருவருக்கு அவ்வோட்டமே விலங்காகிவிடுவதுண்டு. அதனை அளந்தறிவது எங்ஙனம்?

1970இல் பேக்லண்டு என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், தேகப்பயிற்சியை ஒரு மாதம் நிறுத்தினால் உறக்கம் எவ்வாறு மாறும் என்றறிய விழைந்தார். நாள்தோறும் பயில்வோர், பணம் தருவதாகச் சொல்லியும் நிறுத்த இசைந்திலர். வாரத்தில் மூன்று நான்கு நாள் பயில்வோரைக் கொண்டே அவர் தம் ஆராய்ச்சியை முடிக்க நேர்ந்தது. வர மறுத்த அம்மனிதரே அவ்வாராய்ச்சியின் பெரும்பேறு என்பது எம் கருத்து.

2004இல் டெரி, சாபோ, கிரிஃபித்ஸ் என்னும் மூவர் ஆறே வினாக்களால் ஓர் அளவுகோல் அமைத்தனர். பயிற்சியே வாழ்வில் முதலிடம் பெறுகின்றதா, அதனால் வீட்டாரோடு பூசல் உண்டா, மனநிலையை மாற்றவே அதனை நாடுகின்றாரா, அளவு ஏறிக்கொண்டே போகின்றதா, ஒருநாள் தவறினால் சிடுசிடுப்பு வருகின்றதா, குறைத்தபின் பழைய நிலைக்கே மீள்கின்றாரா என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண்; மொத்தம் 30இல் 24 எய்தினால் அபாயம் என்பர்.

எளிமையான முறைதான், அவ்வெளிமையே அதன் குறையுமாம். பந்தயத்திற்காகப் பயில்பவரும், நேற்றுண்ட பரோட்டாவிற்குத் தண்டமாக இன்று காய்ச்சலோடு ஓடுபவரும் அதில் ஒரே எண்ணைப் பெறக்கூடும். உணவுக்கோளாற்றின் அறிகுறியுடையோரிடம் இவ்வடிமைத்தனம் பிறரினும் மூன்றரை மடங்கு மிகுதி என்று பல ஆய்வுகளை ஒருங்கு தொகுத்த ஆராய்ச்சியொன்று அண்மையில் கண்டது. அன்னோர்க்கு ஓட்டம் மூலநோயன்று. உணவச்சத்தின் மற்றொரு கை. போதிய ஊணின்றி ஓடினால் எலும்பு நலியும். மகளிர்க்கு மாதவிடாயும் நின்றுபோகும்.

மேனாட்டு வினாத்தாளை அப்படியே தமிழாக்குதலும் போதாது. 1989இல் கிங், புக்ரா என்போர் வட இந்தியப் பள்ளி மாணவியரிடம் உணவுப் பழக்க வினாத்தாளொன்றைக் கொடுத்தபோது, விரதமும் வீட்டு ஒழுக்கமும் நோய்போலக் கணக்காயின. ஏகாதசிப் பட்டினியையும் எடைக்கஞ்சிய பட்டினியையும் ஒரே கட்டத்தில் இட்டால், கணக்கு என்னாவது?

ஆதலின் நம் விடுதிகளில், எத்தனை மைல் ஓடினீர் என்று வினவி வியப்பதை விடுத்து, ஓடாத நாளில் வயிறார உண்டீரா என்றும் வினவுதல் வேண்டும். இல்லை என்பாரை மருத்துவரிடம் அனுப்புக. பந்தயக் குழுவிலிருந்து பெயரை அடித்துவிடுதல் மட்டும் வேண்டா. அவ்வாறு செய்யின், அடுத்தவர் உண்மையுரைக்க அஞ்சுவர்.